ஆறு மணி நேரம்

வலது காலை மடக்கக் கூடாது, ஆறு மணி நேரம்
என்று சொல்லிவிட்டு
தொடை இடுக்கில் ஒரு மணல் பையை வைத்துப் போனார்
சிஸ்டர் வின்சி.
இரண்டு கிலோ இருக்கும்.
காக்கித் துணி, இரட்டைத் தையல்.
என் கை தானாகப் போய் அதன் வாய்க்கட்டைத் தேடியது.

முப்பத்தோரு வருடம் பொதுப்பணித் துறையில் லஸ்கர்.
கெடிலம் பெருகிய ராத்திரிகளில்
கம்மியம்பேட்டைக் கரையில்
எத்தனை மூட்டை கட்டிப் போட்டிருப்பேன்.
முக்கால்தான் நிரப்ப வேண்டும்.
முழுசாக நிரப்பினால் ஒன்றன்மேல் ஒன்று படியாது,
சந்தில் தண்ணீர் புகுந்துவிடும்.
இந்தப் பையும் முக்கால்தான்.
விஷயம் தெரிந்த யாரோ தைத்திருக்கிறார்கள்.

இந்தத் தடவை உடைப்பு என்னில்.
பேனா முனையளவு.

உள்ளே கம்பி போனது தெரியவில்லை.
மருந்து போனது தெரிந்தது:
மார்பிலிருந்து அடிவயிறு வரை
வெந்நீர் மதகைத் திறந்துவிட்ட மாதிரி.
படுக்கையிலேயே போய்விட்டேனோ என்று கூச்சம்.
"எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்"
என்றார் டாக்டர், திரையைப் பார்த்தபடியே.
திரையில் கறுப்பாய்க் கிளை பிரிந்தன என் வாய்க்கால்கள்.
ஒன்றில் மட்டும் கடைமடைக்குப் பாயவில்லை.
அதை நேற்றுச் சேர்ந்த லஸ்கர்கூடச் சொல்வான்.

பக்கத்துக் கட்டிலில் பாகூர் காத்தவராயன்.
அவருக்கும் ஒரு பை.
இருமினால் அழுத்திப் பிடி, சிரித்தால் அழுத்திப் பிடி
என்று சொல்லியிருந்தார்கள்.
சிரிப்பு வருமுன்னே இரண்டு பேர் கையும் அங்கே போக,
அதைப் பார்த்தே சிரிப்பு வந்தது.
படுத்துக்கொண்டு பாட்டிலில் போக அவருக்கு வரவில்லை.
"கரும்புக் கொல்லையில நின்னு போனவன்யா நான்."
வின்சி குழாயைத் திறந்துவிட்டார்.
தண்ணீர்ச் சத்தத்தில்
முதலில் எனக்குத்தான் வந்தது.

மூன்றாம் நாள் கோரிமேட்டிலிருந்து கார்.
ரெட்டிச்சாவடி தாண்டுவதற்குள் பதினான்கு வேகத்தடை,
எண்ணிக்கொண்டு வந்தேன்.
பெண்ணையாற்றுப் பாலத்தில் தண்ணீர் பார்க்கத் திரும்பினேன்.
"இடுப்பத் திருப்பாத" என்றாள் அஞ்சலாட்சி,
முன் சீட்டிலிருந்து, திரும்பாமல்.

பத்து நாளில் ஆறும் என்றார்கள்.
சொன்ன தேதிக்கு எந்த ஆறு வந்திருக்கிறது.
நாவற்பழமாய், பாசியாய், பழுத்த எலுமிச்சையாய்
நிறம் மாறி மாறித் தொடையில் இறங்கியது காயம்.
நீர்மட்டம் குறித்த பழைய நோட்டில் மீதித் தாள்கள் இருந்தன.
காலை ஆறு: கசிவு இல்லை.
மாலை ஆறு: கசிவு இல்லை.

பயம் மட்டும் எங்கோ ஊறியது.
இடது காதைத் தலையணையில் வைத்தால்
தட், தட்.
ஒன்று தவறியது போலிருந்தால்
அடுத்தது வரும்வரை நான் வீட்டில் இல்லை.

"தூக்கத்துல கால் பட்டுடும்" என்று
கீழே பாய் போட்டாள் அஞ்சலாட்சி.
இருபத்தெட்டு வருடமாய்
என்மேல் கால் போட்டுத் தூங்கியவள்.
மணிக்கொரு தரம் எழுந்து
என் மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்த்தாள்.
தூங்குவதாய் நடித்துக்கொண்டு
மூச்சைக் கொஞ்சம் பலமாகவே விட்டேன்.

பத்தாம் நாள் காத்தவராயனுக்குப் போன் போட்டேன்.
மருமகள் எடுத்தாள்.
"மாமா கொல்லைக்குப் போயிட்டாரு. நீங்க யாரு?"
யார் என்று சொல்வது.
"பக்கத்துக் கட்டில்" என்றேன்.

பன்னிரண்டாம் நாள் நல்ல மழை.
தரையில் ஈரம் ஏறியது.
பாயைச் சுருட்டி வைத்துவிட்டு மேலே வந்தாள்,
ஓரமாக, நடுவில் ஒரு தலையணை போட்டு.

பாதி ராத்திரியில் விழித்தபோது
தலையணை கீழே கிடந்தது.
அவள் கால் என் வலது தொடைமேல்.
இரண்டு கிலோவுக்கு நிச்சயம் மேலே.
ஆற்றுப் பக்கம் புதுத் தண்ணீர் வருகிற சத்தம்.

யாரும் எதுவும் சொல்லவில்லை.
இருந்தும் காலை மடக்காமல் கிடந்தேன்,
அவளாய் எழும்வரை.